நஞ்சன்கூடு முதல் திருவையாறு வரை: தடைகளை எதிர்த்த பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூரு: கர்நாடகத்தையும் தமிழகத்தையும் சேர்த்துப் பேசினாலே காவிரி வழக்குதான் நாடாளுமன்றத்தில் எதிரொலிக்கும். அந்த நதியின் இரு முனைகளையும் இணைத்த வாழ்க்கை ஒன்று உண்டு. காவிரியில் கலக்கும் கபினியின் கரையிலுள்ள நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்து, 1952-இல் மறைந்து, திருவையாற்றில் காவிரிக் கரையில் நினைவிடம் கொண்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தேவதாசி மரபில் வந்த இவர், மைசூரில் சம்ஸ்கிருதமும் இசையும் கற்றார். பெங்களூரில் முனுசாமப்பாவிடம் தேர்ச்சி பெற்றார். இவரை ஆதரித்த மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி நரஹரி ராவின் பெயரை, பெங்களூரு ஹனுமந்தநகர்க் குன்று இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்த நாகரத்தினம்மாள், கச்சேரிகளால் பெரும் பொருள் ஈட்டினார். வருமான வரி செலுத்தும் அளவுக்குச் சம்பாதித்த பெண் கலைஞர் அந்நாளில் அரிது.

அரசு பறிமுதல் செய்த நூல்

அவரது முதல் மோதல் மேடையில் நிகழவில்லை, அச்சகத்தில் நிகழ்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையிலிருந்த முத்துப்பழனி என்ற கவிஞர், 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் "ராதிகா சாந்த்வனம்" என்ற காவியத்தை இயற்றினார். முந்தைய பதிப்பு பல பாடல்களை நீக்கிவிட்டதைக் கண்ட நாகரத்தினம்மாள், ஏட்டுப் பிரதியுடன் ஒப்பிட்டு, 1910-இல் முழு நூலையும் வெளியிட்டார்.

விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் எழுதத்தகாத நூல் என்று அதைச் சாடியிருந்தார். அவர் ஏற்றுக்கொண்ட ஆண் புலவர்களின் நூல்களில் சிருங்காரம் இல்லையா, நாணம் பெண்ணுக்கு மட்டும்தான் உரியதா என்று முன்னுரையில் கேட்டார் நாகரத்தினம்மாள். வாதத்துக்குப் பதில் வரவில்லை. ஆபாசம் என்று கூறி ஆங்கிலேய அரசு நூலைத் தடை செய்து, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் தடை நீங்கியது.

சமாதியில் ஒலித்த பெண் குரல்

1847-இல் சித்தியடைந்த தியாகராஜரின் சமாதி, பராமரிப்பின்றிக் கிடக்கும் செய்தி 1921-இல் இவரை எட்டியது. தம் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டுக் கோயில் எழுப்பினார்; பின்னர் குடமுழுக்கும் நடந்தது. ஆனால், ஆராதனையை நடத்தி வந்த பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவருக்கே அங்கு பாட இடமில்லை!

1927-இல் "பெண்கள் கட்சி" உருவாயிற்று. சமாதியின் பின்புறம் அமர்ந்து பெண்கள் பாடினர். 1940-41-இல் மூன்று அணிகளும் ஒன்றிணைந்தன. இன்று ஆண்களும் பெண்களும் ஒருசேரப் பஞ்சரத்ன கிருதிகளைப் பாடும் காட்சிக்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

சட்டமன்றத்துக்கு எதிர்நின்றவர்

இவரது வாழ்வில் எளிதில் தீர்ப்புக் கூற முடியாத பகுதியும் உண்டு. நஞ்சன்கூடு கோயிலில் தேவதாசிகளின் பணியை மைசூர் அரசு 1909-இல் நிறுத்தியது. சென்னை சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது, நாகரத்தினம்மாள் எதிரணியில் நின்றார். எங்கள் குலம் முழுவதையும் ஒழுக்கக்கேட்டின் பெயரால் முத்திரை குத்தாதீர்கள் என்பது அவர் தரப்பு. அதே மரபைச் சேர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ, அம்முறையின் கொடுமையை அனுபவித்தவராக, அதை ஒழிக்க ஊர் ஊராகச் சென்றார். 1947-இல் சட்டம் நிறைவேறியது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே; ஆனால் கலையும் கல்வியும் சொத்துரிமையும் பெற்றிருந்த பெண்களின் பிற்கால வாழ்வுக்குச் சட்டம் என்ன வழி வகுத்தது என்ற கேள்விக்கு நேரான பதில் அன்று கிடைக்கவில்லை.

நூல்களின் மீதான அரசின் கையும் முற்றிலும் விலகிவிடவில்லை. இலக்கிய, கலை மதிப்புள்ள படைப்புகளுக்கு விலக்களிக்கும் திருத்தம் 1969-இல்தான் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவிலும் ஆபாசக் குற்றமும் அந்த விலக்கும் தொடர்கின்றன. நூல்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் மாநில அரசுகளிடம் இருக்கிறது. பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" வழக்கில் 2016-இல் எழுத்தாளரின் பக்கம் நின்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, நாகரத்தினம்மாள் காலத்தில் கிடைக்காத பாதுகாப்பு.

தடை நீங்கிய நூல் 1952-இல் மீண்டும் அச்சேறியது. அதே ஆண்டு மே 19-இல் அவர் காலமானார். சொத்துகளைச் சமாதிக்கென எழுதிவைத்த அவரது உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது: தேவதாசிகள் உள்பட, ஆராதனைக்கு வரும் பெண்கள் அங்கு வழிபடவும் பாடவும் உரிமை பெற வேண்டும்.