வண்டிக் குதிரையும் வண்டி மாடும்

சித்திரை பிறந்ததும் மலைநாடு களை கட்டிவிடுகிறது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் வாகனங்களுக்குக் கணக்கில்லை. நுவரெலியாவின் வசந்தகால விழாவிலே மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் சிறப்பிடம் பெறுகின்றன. அங்குள்ள பந்தயத் திடல் 1875ஆம் ஆண்டில் தோன்றியதாகும். விரைந்தோடும் குதிரைக்கு இவ்வாறு விழா உண்டு. பாரம் இழுத்து உழைக்கும் பிராணிக்கு விழா எது என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

லண்டன் மாநகரில் வண்டிக் குதிரைகளின் அணிவகுப்புக்கென 1885ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் அந்நகரின் தெருக்களில் நிலக்கரி முதலிய சரக்குகளை இழுத்தவை குதிரைகளே. அவற்றை மக்கள் அன்போடு நடத்தவேண்டும் என்பதே சங்கத்தின் நோக்கம். அணிவகுப்பிலே வேகத்துக்கு மதிப்பில்லை. குதிரையின் உடல் நலமும், அதனைப் பேணிய வண்டிக்காரனின் அக்கறையுமே பாராட்டுப் பெற்றன.

நம் மலைநாட்டிலோ குதிரை பெரும்பாலும் துரைமாரின் சவாரிக்கே பயன்பட்டது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் குதிரை வண்டி மலைப்பாதையில் உருண்டு பள்ளத்தில் வீழ்ந்தது. அதனை மீட்க அவர் ஒரு யானையை அனுப்பினார். அவருடைய பணியாள் அந்த யானையை ஓய்வின்றி விரட்டியதால் அதுவும் மாண்டது. எத்துணை வலிமை வாய்ந்த பிராணியாயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மலைநாட்டின் பாரத்தை உண்மையிலே இழுத்தது எருது. தோட்டத் தொழிலாளருக்குரிய அரிசி மாட்டு வண்டியிலே மலையேறிற்று. கோப்பி மூட்டை அதே வண்டியிலே கொழும்புக்கு இறங்கிற்று. இரயில் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும் அடைந்த பின்னரே எருதின் நெடும்பயணம் குறைந்தது. பின்னர் லொறி வந்தது. வண்டி மாடு மெல்ல மறைந்தது.

ஆயினும் அதற்குரிய விழா நம்மிடையே மறையவில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் வரும் மாட்டுப் பொங்கலே அவ்விழா. அன்று மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை சூட்டி, பொங்கல் ஊட்டுகிறோம். நுகத்தடி அன்று கழுத்தில் ஏறுவதில்லை. இவ்வழக்கத்திலே ஆழ்ந்த பொருளுண்டு. தேய்த்துக் கழுவும் கைக்கே கழுத்துப் புண் தட்டுப்படும். கொம்பைப் பிடித்து நிறுத்துபவர் கண்ணுக்கே காலின் நொண்டல் புலப்படும். லண்டன் சங்கம் பரிசளித்து வளர்க்க விரும்பிய அக்கறையை நம் முன்னோர் ஒரு நாள் வழிபாட்டிலே அடக்கி வைத்தனர்.

இன்று தோட்டங்களில் லயத்தின் அருகே கட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் கறவை மாடு. கொழுந்துக் கூலி போதாத குடும்பத்துக்குப் பால் விற்ற பணமே கைகொடுக்கிறது. கினிகத்தேனைப் பகுதியிலோ வைகாசியில் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கிவிடும். ஈரம் வடியாத தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும், மடி வீங்கும், பால் வற்றும். மாடு நொடித்தால் வீடும் நொடிக்கும்.

ஆகவே, மாட்டுப் பொங்கலன்று தோட்டந்தோறும் கால்நடை வைத்தியர் ஒருவரை அழைத்து மாடுகளைப் பார்வையிடச் செய்தல் நன்று. நன்கு பேணப்பட்ட மாட்டுக்கு ஒரு சிறு பரிசும் வழங்கலாம். மாலை மறுநாளே வாடிவிடும்; அன்று கண்டு ஆற்றிய புண் ஆண்டு முழுவதும் குடும்பத்தைக் காக்கும்.