பரனூர் டோல்கேட்டில் ஒரு கம்ப்யூட்டர் பாடம்!

'பாலிமார்ஃபிஸம்' என்றால் என்ன என்று கம்ப்யூட்டர் ஸயன்ஸ் படிக்கிற எந்தப் பையனையாவது கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில்கூட ஒப்பிப்பான். 'பல வடிவம் எடுக்கும் தன்மை, கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது' என்று ஐந்து மார்க்குக்கு அளந்து கொட்டுவான். "சரி தம்பி, அது எதுக்கு?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். ஃபேனைப் பார்ப்பான்.

நானும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் படித்தவன்தான். 2009-ல், மூன்றாவது செமஸ்டரில், 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்' வந்து சேர்ந்தது. நீலத் திரையில் டர்போ ஸி பிளஸ் பிளஸ். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருவன் டைப் அடிப்பான். இன்னொருவன் 'ஸெமிகோலன் விட்டுட்டே' என்பான். மூன்றாமவன் கரன்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொள்வான்.

பாடத்தில் உதாரணங்கள் வட்டம், சதுரம், நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டும் 'அனிமல்' என்ற கிளாஸின் வாரிசுகள். "இதைத் தெரிஞ்சுக்கவா மூணு வருஷம் ஃபீஸ் கட்டறோம்?" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது!

பக்கத்து பெஞ்சு நண்பன் மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா லாரி டிரைவர். புத்தகத்தில் இருந்த அத்தனை டெஃபனிஷனையும் கமா, ஃபுல்ஸ்டாப்போடு மனப்பாடம் செய்திருந்தான். 2011-ல் சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. இருவரும் போனோம். அவனிடம் நான்கு டெஃபனிஷன் கேட்டார்கள். நான்கும் பிசிறில்லாமல் சொன்னான். "குட். இதையெல்லாம் வெச்சு ஏதாவது ஒண்ணு டிசைன் பண்ணிக் காட்டு" என்றார்கள். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. "தகவல் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ் பரனூர் டோல்கேட்டில் நின்றுவிட்டது. நீண்ட க்யூ. அவன் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், பூத்துல இருக்கிறவர் எங்கப்பா லாரியில என்ன சரக்குன்னு கேட்கவே மாட்டார்டா. எத்தனை அச்சுன்னு மட்டும்தான் பார்ப்பார்."

"அதுக்கென்ன இப்போ?"

"இதைத்தானேடா அந்த ஆளு கேட்டாரு!"

எனக்குச் சட்டென்று உறைத்தது. உங்களுக்கும் விளக்கி விடுகிறேன்.

கட்டணப் பலகையில் 'கார்', 'பஸ்', 'டிரக்' என்று எழுதியிருக்கிறதே, அது கிளாஸ். உங்களுக்கு முன்னால் ஹாரன் அடித்து உயிரை வாங்குகிற அந்த மாருதி, ஆப்ஜெக்ட். லாரிக்குள் இருக்கும் ஆயிரம் விவரங்களில் அச்சு மட்டும் போதும் என்று பூத் முடிவு செய்திருப்பது அப்ஸ்ட்ராக்‌ஷன். பூத்காரர் உங்கள் சட்டைப் பையில் கைவிட்டுப் பணத்தை எடுப்பதில்லை. கேட்கிறார், நீங்கள் எடுத்துத் தருகிறீர்கள். இந்த நாகரிகத்துக்குப் பெயர் என்கேப்ஸுலேஷன். ஃபாஸ்டாக் கட்டாயமான 2021-க்குப் பிறகும் கதை அதேதான். பூத் உங்கள் பாங்க் கணக்கைக் குடைவதில்லை, கேட்டுத்தான் வாங்குகிறது.

பாலிமார்ஃபிஸம்? பூத் எல்லா வண்டியிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறது: 'உன் கட்டணம் எவ்வளவு?' கார் ஒரு பதில் சொல்லும், டிரக் ஒரு பதில் சொல்லும், ஆம்புலன்ஸ் 'சைபர்' என்று சொல்லிவிட்டுப் பறக்கும். அவ்வளவுதான் ஸார் சமாசாரம்!

'இதை இஃப், எல்ஸ் போட்டே எழுதலாமே' என்பீர்கள். தாராளமாக. ஆனால் கட்டணத்துக்கு ஓர் இஃப், ரசீதுக்கு ஓர் இஃப், எந்த லேன் என்பதற்கு ஓர் இஃப் என்று புரோகிராம் முழுக்கத் தூவியிருப்பீர்கள். நாளைக்கு ஒரு புது ரக வண்டி வந்தால் அத்தனை இடத்தையும் தேடிப் போய்த் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வரும். புது வண்டிக்குப் புது கிளாஸ் ஒன்று எழுதி, தன் பதிலைத் தானே சொல்ல வைத்துவிட்டால் பூத்தைத் தொடவே வேண்டாம். நீங்கள் தூங்கலாம்.

இதில் வேடிக்கை, இந்தச் சங்கதி பிறந்த கதையிலேயே ஒரு டோல்கேட் இருக்கிறது. நார்வே நாட்டின் ஆஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர், நிஜ உலக நடப்புகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க ஒரு மொழி செய்துகொண்டிருந்தார்கள். பாலத்து டோல்கேட், அதில் லாரியும் பஸ்ஸும் கலந்து நிற்கும் க்யூ என்பது அவர்கள் மண்டையைக் குடைந்த உதாரணங்களில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவானதை ஒரே ஒரு முறை எழுதினால் போதாதா என்று யோசித்தார்கள். அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். மொழியின் பெயர் சிமுலா 67. அதைப் பயன்படுத்திப் பார்த்த ஸ்ட்ரௌஸ்ட்ரப், அமெரிக்காவின் பெல் லேபில் 1979-ல் ஸி மொழிக்குள் கிளாஸைக் கொண்டுவந்தார். 1983-ல் அதற்கு ஸி பிளஸ் பிளஸ் என்று பெயர் விழுந்தது. டாலுக்கும் நிகார்டுக்கும் 2001-ம் வருஷத்து டியூரிங் விருது கிடைத்தது. அடுத்த வருஷமே இருவரும் காலமானார்கள்.

இந்த இன்ஹெரிட்டன்ஸில் ஒரு கண்ணி உண்டு. அதைப் பார்க்க, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறுங்கள். பஞ்ச பாண்டவ ரதங்கள் முன்னால் போய் நில்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியவை. அவை ரதங்கள் அல்ல, கோயில் வடிவங்கள். பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பெயரெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

'ரதம் என்றால் வண்டிதானே' என்று இதை 'வாகனம்' கிளாஸுக்கு வாரிசாக்கினால் என்ன ஆகும்? எத்தனை அச்சு என்று பூத் கேட்கும். பாறை என்ன சொல்லும்? பெயரைப் பார்த்து உறவு கட்டாதே, என்ன வேலை செய்கிறது என்று பார். பாடத்தில் எனக்கு யாரும் சொல்லாத விதி இது. அப்படியே திரௌபதி ரதத்தையும் பாருங்கள். ஓலைக் குடிசையைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். மற்றவற்றில் மரக் கட்டடத்தின் சாயல்கள். கல்லுக்கு இவை தேவையே இல்லை. முன்னோர் சொத்தாக வந்திருக்கின்றன. கோயிலில் அது அழகு. புரோகிராமில் அது பாரம்!

நண்பன் என்னவானான்? இரண்டு மாதம் கழித்து அடுத்த இன்டர்வியூ. பேப்பரை வாங்கியதும் ஒரு டோல்கேட் வரைந்தான். வேலை கிடைத்தது. அவனுக்கு எப்போதுமே மூளையில் குறைச்சல் இல்லை. பாடத்துக்கும் அப்பா ஓட்டிய லாரிக்கும் நடுவே யாரோ ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, மூன்றாவது செமஸ்டர் தம்பிகளே! நாயையும் பூனையையும் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரிவதற்கு உங்கள் வீட்டுத் தொழிலை எடுங்கள். நெல் மண்டியோ, மளிகைக் கடையோ, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமோ... யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று தமிழிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி புரோகிராம் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி, அந்த ஸெமிகோலன்தான்!