சர்க்கரை உள்ள பூனைக்கு என்ன சாப்பாடு?
எங்க வீட்டு மணிக்கு இன்சுலின் ஆரம்பிச்ச அன்னைக்கு, அவனோட ட்ரை ஃபுட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாம் இருக்கு, மாவுச்சத்து மட்டும் இல்லை. அதை நாமதான் கண்டுபிடிக்கணும்: 100-லிருந்து இந்த நாலையும் சாம்பலையும் கழிங்க. (சாம்பல்னா தாதுக்கள்தான், பயப்படாதீங்க. ட்ரை ஃபுட்ல போடலைன்னா சுமார் 8-ன்னு வெச்சுக்கலாம்.) மணியோட பாக்கெட்ல 32, 10, 5, 10, சாம்பல் 8. மிச்சம் 35!

பூனை மாமிசப் பிராணி, இவ்வளவு மாவு அதுக்குத் தேவையே இல்லை. ஆனால் மாவு இல்லாமல் அந்த மொறுமொறு உருண்டை உருவாகாது. அதனாலதான் டின், பவுச்ல வர்ற வெட் ஃபுட் பெரும்பாலும் நல்லது. அதுலயும் கிரேவி வேண்டாம், அதைக் கெட்டியாக்க ஸ்டார்ச் சேர்ப்பாங்க. கூழா அரைச்ச வகையைப் பாருங்க. பாட்டி வைக்கிற தயிர்சாதம்? ஸாரி பாட்டி.

ஆனா இன்சுலின் போடும்போது சாப்பாட்டை மட்டும் திடீர்னு மாத்திடாதீங்க. மாவு குறைஞ்சா ரத்தச் சர்க்கரையும் இறங்கும், பழைய டோஸே அதிகமாகிடும். தள்ளாட்டம், வலிப்பு, உயிரே போகலாம். நான் அன்னைக்கு ராத்திரியே மாத்தப் பார்த்தேன், போன்ல டாக்டர் தடுத்தார். அப்புறம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்தினோம், காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டுலயே அளந்துக்கிட்டு. அதுக்குள்ள டோஸை ரெண்டு தடவை குறைச்சார்.