மூக்கு சொல்வதெல்லாம் உண்மையா?

ஆக்சிஜனேற்றம் பற்றிய பாடத்தை நடத்தும்போது இரும்பு துருப்பிடிப்பதையும், வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் எடுத்துக்காட்டு ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நாய் வளர்ப்பவர்களுக்கு அது வேடிக்கைக் கதையல்ல, வீட்டுப் பிரச்சினை.

ஸ்கங்க் என்னும் விலங்கு

ஸ்கங்க், பூனை அளவுள்ள ஒரு பாலூட்டி. கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். இந்தியாவில் இது இல்லை. நம் ஊர் மரநாயோ புனுகுப்பூனையோ இதுதான் என்று மாணவர்கள் எண்ணிவிடாமல் முதலிலேயே படம் காட்டிவிடுவது நல்லது.

மலவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிகளிலிருந்து எண்ணெய் போன்ற மஞ்சள் நிறத் திரவத்தைச் சுமார் 3 மீட்டர் தூரம் வரை இது பீய்ச்சும். எடுத்தவுடன் பீய்ச்சாது. முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும். இந்த எச்சரிக்கை நாய்க்குப் புரிவதில்லை. முகர்ந்து பார்க்க நெருங்கிப் போகும். அதனால் பெரும்பாலும் முகத்திலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவரும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

அந்தத் திரவத்தில் இருப்பவை முக்கியமாகத் தயால்கள். ஆல்கஹாலில் –OH தொகுதி இருப்பதுபோல, தயாலில் –SH தொகுதி இருக்கும். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு இவற்றைக் கண்டுகொள்ளும்.

தயால்களுடன் தயோஅசிடேட்டுகளும் அத்திரவத்தில் உண்டு. இவற்றின் நாற்றம் குறைவு. ஆனால் தண்ணீர் பட்டால் மெல்ல நீராற்பகுப்படைந்து தயால்களாக மாறும். சரியாகச் சுத்தம் செய்யப்படாத நாய், நாள்கள் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாறுவது இதனால்தான்.

தக்காளிச் சாறு

இதற்கு அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த மருந்து, நாயைத் தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டுவது. குளிப்பாட்டியவர்கள் நாற்றம் போய்விட்டது என்று மனதாரச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே நாற்றத்தை விடாமல் முகர்ந்தால் சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகி, உணர்வதை நிறுத்திக்கொள்ளும். அப்போது புதிதாக வரும் தக்காளி வாசனை மட்டுமே தெரியும். வெளியிலிருந்து வரும் ஒருவரோ வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார். தக்காளிச் சாறு தயாலை எதுவும் செய்யவில்லை, சோர்ந்துபோனது மூக்குதான்.

1993இல் வந்த விடை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பால் கிரேபாம், தம் ஆய்வக வேலையில் எழுந்த கந்தகச் சேர்ம நாற்றத்தைக் காரத்தன்மையுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடால் நீக்கி வந்தார். அதன் மென்மையான வடிவம் ஒன்று வீட்டு விலங்குக்கும் உதவும் என்று கண்டார். 1993இல் அது அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. கலவை எளிமையானது:

• 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு – ஏறத்தாழ 1 லிட்டர்
• சமையல் சோடா – கால் கோப்பை (சுமார் 60 மி.லி. அளவு)
• பாத்திரம் கழுவும் திரவ சோப்பு – 1 அல்லது 2 தேக்கரண்டி

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சோப்பு, எண்ணெய்ப் பசையைப் பிரித்து, தயாலைக் கரைசலோடு சேரவிடுகிறது. சமையல் சோடா காரத்தன்மை தந்து வினையை விரைவுபடுத்துகிறது. பெராக்சைடு, தயாலில் உள்ள கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. முடிவில் கிடைக்கும் சல்ஃபோனிக் அமிலத்தின் உப்புக்கு நாற்றமில்லை. தண்ணீரில் கரைந்து போய்விடும். நாற்றம் மூடி மறைக்கப்படவில்லை. நாறும் பொருளே வேறு பொருளாக மாறிவிட்டது.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். கையுறை அணிந்து, திறந்த பிளாஸ்டிக் வாளியில் கலந்து, உடனே பயன்படுத்த வேண்டும். நனைக்காத ரோமத்தில் நன்றாகத் தேய்த்து, சுமார் 5 நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. முகத்தைத் துணியால் கவனமாகத் துடைக்க வேண்டும். ரோமத்தின் நிறம் சற்று வெளுக்கலாம். 3 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவு ஆகாது. நாயின் கண் சிவந்திருந்தாலோ உடலில் கடிகாயம் இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அங்கே ரேபிஸ் நோயைப் பரப்பும் காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று.

மிச்சமான கலவையைப் புட்டியில் அடைத்து மூடக் கூடாது. பெராக்சைடு சிதைந்து வெளிவரும் ஆக்சிஜன், புட்டியை வெடிக்கச் செய்துவிடும். இக்கலவை கடையில் புட்டியில் விற்கப்படாததற்கும் இதுவே காரணம்.

வகுப்பறையில்

பெராக்சைடு இல்லாமலே இதன் சாரத்தை மாணவர்களுக்குக் காட்டலாம். நசுக்கிய பூண்டை மூன்று துணித்துண்டுகளில் சம அளவில் தேய்க்கவும். ஒன்றைத் தண்ணீரிலும், ஒன்றைத் தக்காளிச் சாற்றிலும், ஒன்றைச் சோப்பு நீரிலும் அலசி, அ, ஆ, இ என்று குறியிட்ட மூடிய டப்பாக்களில் வைக்கவும். எது எது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். பூண்டு வாசனையிலேயே பத்து நிமிடம் இருந்த ஐந்து பேரும், அதுவரை வெளியே மரத்தடியில் இருந்த ஐந்து பேரும் தனித்தனியே முகர்ந்து, நாற்றத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடட்டும். இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். எந்தக் குழுவின் மூக்கை நம்புவது, ஏன் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். பூண்டின் வாசனைக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம் என்பதை அப்போது சொல்லலாம்.

நம் வீட்டுத் தயால்

ஸ்கங்க் நம் ஊருக்கு வரப்போவதில்லை. ஆனால் தயால் ஏற்கெனவே நம் சமையலறையில் இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் ஒரு தயால்தான்.

சிறிது சிறிதாகக் கசியும் வாயுவுக்கு, அடுப்படியிலேயே நிற்கும் அம்மாவின் மூக்கு பழகிப்போயிருக்கலாம். பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழையும் பிள்ளையின் மூக்கு பழகியிருக்காது. “எனக்கு ஒன்றும் தெரியலையே” என்று பெரியவர்கள் சொன்னாலும், அந்தப் பிள்ளை விட்டுவிடக் கூடாது. மின்விளக்குச் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி உரசாமல், ரெகுலேட்டரை மூடச் சொல்லி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியே அழைத்து வந்து, பிறகு 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தின் முடிவில் சமன்பாட்டை மறந்துவிடும் மாணவர் ஒருவர் இருக்கலாம். இந்த எண்ணையும், புதிதாக நுழைபவரின் மூக்கை நம்ப வேண்டும் என்பதையும் மறக்காத அளவுக்குச் சொல்லிவிட்டால் போதும்.