இறைப்பும் இடைவேளையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. இந்நிலத்துக்கு ஓர் ஆற்றையே ஆக்கித் தரலாமென 1954ஆம் ஆண்டில் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்தமை இக்குறையின் ஆழத்தை உணர்த்தும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே நமது பிரதான வருவாய். அது சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, பாறையினுள் ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சற்று இலேசானது. ஆதலின் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்குமென்பது விதி. மறுதலையாக, மேலே ஓர் அடி குறையின் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏற முற்படும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராயும் அடிநீர் உவராயும் இருத்தலை இவ்விதிக்கு உதாரணமாகக் காட்டலாம்.

இத்தகைய நீரை நம் முன்னோர் துலாவினால் இறைத்தனர். துலாவில் ஏறி மிதிப்போர், பனையோலைப் பட்டையைப் பிடித்து நீர் வார்ப்போர், பாத்திக்குப் பாத்தி நீரை மாறிவிடுவோர் என ஒரு குடும்பமே விடியுமுன் உழைத்தது. பங்குக் கிணறாயின் முறைநாளும் உண்டு. மிதித்த கால் ஓய்ந்தபோது இறைப்பும் ஓய்ந்தது. கிணறு ஊறுதற்கும் அவகாசம் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்து இப்பெரும் பாட்டை நீக்கியது, அது நன்றே. ஆனால் களைப்பு என்ற அந்த இயற்கையான கட்டுப்பாட்டையும் அது உடன்கொண்டு போயிற்று. அவ்விடத்தில் இன்று கணக்கு நிற்றல் வேண்டும்.

அக்கணக்கு அரிதன்று. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதன்மீது ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் பரவ 253 லீற்றர் வேண்டும். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் 30 சதமமீற்றர் மண்ணிலேயே அடங்கும். அம்மண் பயிருக்கு உதவக்கூடிய நீராக 30 மில்லிமீற்றரைத் தாங்குமெனக் கொள்வோம். அதிற் பாதி, அதாவது 15 மில்லிமீற்றர் செலவானதும் மீண்டும் நீர் விடுதல் தகும். வெயிற்காலத்தில் நிலமும் பயிரும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக விடுமாயின், மூன்று நாளைக்கு ஒருமுறை இறைப்பது போதும். அவ்வாறு இறைக்கும்போது பரப்புக்கு வேண்டியது ஏறத்தாழ 3,800 லீற்றர். மணிக்கு 20,000 லீற்றர் தரும் இயந்திரத்துக்கு இது பன்னிரண்டு நிமிட வேலை! வாய்க்காலில் ஊறிப்போவதற்குச் சில நிமிடம் கூட்டலாம். மணிக்கணக்காகக் கூட்டுதற்கு நியாயம் இல்லை.

“மிகுதியாக விட்டாலும் நீர் எங்கே போகும்? கீழிறங்கி நம் கிணற்றுக்குத்தானே திரும்பும்?” என்று வினவுவோர் உளர். வினா அறிவுடையதே. செம்பாட்டு மண் நீரை விரைவாக உறிஞ்சுவது. அங்கு மிகை நீர் பெரும்பாலும் மேலே வழிந்தோடாது கீழேதான் இறங்கும். ஆனால் இறங்கும் நீர் வெறுங்கையோடு இறங்குவதில்லை. பயிருக்கு இட்ட யூரியாவும் எருவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறி அந்நீரிற் கரைந்து கிணற்றை அடைகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாற்குடி மாறாத குழந்தைகளுக்கே அதனால் ஆபத்து மிகுதி. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்துக் கிணற்றுக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் மண்ணின் கீழே வேலி இல்லை.

தூவல் முறையால் நீர் பாய்ச்சுவோர்க்கு இன்னும் இரண்டு சொல்லவேண்டும். ஒன்று காற்று. சோளகம் வீசும் மாதங்களில் நண்பகலில் தூவினால் நுண்துளிகள் பயிரை அடையாது அள்ளுண்டு போகும், விடியற்பொழுதே ஏற்றது. மற்றையது வேகம். கல்லூரி முன்றலிலும் விளையாட்டு மைதானத்திலும் கால் பட்டு இறுகிய புற்றரை, உழுத தோட்டம்போல நீரை உறிஞ்சாது. அங்கேதான் நீர் வழிந்து தெருவுக்கு ஓடும். களி செறிந்த மண் மணிக்கு 5 மில்லிமீற்றர் நீரைக்கூட ஏற்கத் தயங்கும். தூவியோ 20 மில்லிமீற்றர் பொழியக்கூடும். பக்கம் நேரான வெறும் பேணிகள் சிலவற்றைப் புற்றரையில் ஆங்காங்கு வைத்துக் கால்மணி நேரம் தூவியபின் அடிமட்டத்தால் அளந்தால் பொழியும் வேகம் தெரிந்துவிடும். பேணிகளிற் சராசரி 5 மில்லிமீற்றர் நின்றதாயின், 15 மில்லிமீற்றருக்கு முக்கால் மணி வேண்டும். அதனை ஒரே மூச்சிற் செய்யாது, கால்மணி தூவி, ஒரு மணி ஓய்ந்து, மறுபடி தூவி என மும்முறையாகப் பிரித்தல் வேண்டும். கால்மணிக்கு முன்னரே புல்லடியில் நீர் பளபளத்து நின்றால் அப்போதே நிறுத்தி, தவணைகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுக.

மண்ணுக்கு வேண்டிய இதே ஓய்வு கிணற்றுக்கும் வேண்டும். தொடர்ந்து இறைக்கும்போது கிணற்றடியில் நீர்மட்டம் பள்ளமாகத் தாழ, அதன் நேர்கீழே உவர்நீர் கூம்பாக மேலெழும். ஏறிய உவர் இறைப்பை நிறுத்தியவுடன் இறங்கிவிடுவதில்லை. சில கிணறுகளில் அடுத்த மாரி வரையும் தங்கும். கிணற்றுக் கட்டின் உட்புறம் ஓர் அளவுகோலை வரைந்து, இறைக்குமுன் நின்ற மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நீர் அக்குறிக்கு மீண்டும் ஊறிய பின்னரே அடுத்த தவணைக்கு இயந்திரத்தை இயக்குதல் வேண்டும்.