பிரபு வீட்டுப் பிள்ளையின் கார் வியாபாரம்

ஈட்டன் பள்ளியில் சார்லஸ் ரோல்ஸுக்கு வைத்த பட்டப்பெயர் ‘டர்ட்டி ரோல்ஸ்’. சீமான் வீட்டுப் பையன்கள் படிக்கிற இடத்தில், எந்நேரமும் மெஷின் நோண்டி எண்ணெய்க் கையோடு திரிந்தால் வேறென்ன சொல்வார்கள்? வேல்ஸின் மான்மத் வட்டாரத்து நிலப்பிரபு லாங்காட்டக்கின் மூன்றாவது மகன் அவர். மூத்தவர்கள் இருவர் இருக்க, பட்டமும் பண்ணையும் இவர் கைக்கு வருவதாயில்லை.

கேம்பிரிட்ஜ் நாட்களில், 18 வயதில், பாரிஸ் போய் ஒரு பெஜோ கார் வாங்கிவந்தார். அப்போது பிரிட்டனில் மோட்டார் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 4 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கவும் வேண்டும்! 1896 நவம்பரில்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது.

1903இல் லண்டன் ஃபுல்ஹமில் கார் விற்பனை நிலையம் திறந்தார். முதல், அப்பா கொடுத்த 6,600 பவுண்டு. அதைவிடப் பெரிய முதல் அவருடைய பழக்கவழக்கம்: கார் வாங்க வசதியுள்ளவர்களோடுதான் அவர் உண்டு உறங்கி வளர்ந்திருந்தார். ஒரே குறை, விற்றதெல்லாம் பிரெஞ்சு பனார், பெல்ஜியத்து மினர்வா. உள்ளூர்ச் சரக்கு ஒன்று தேறவில்லை.

1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் ஹென்றி ராய்ஸைச் சந்தித்தார். ராய்ஸ் மாவு மில்காரர் மகன். சிறுவயதில் பேப்பர் விற்றுப் பிழைத்தவர். அவர் செய்திருந்த காருக்கு இரண்டே சிலிண்டர். மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகளையே விரும்பிய ரோல்ஸ் சந்தேகத்தோடுதான் ஏறினார். உதறலும் இல்லை, இரைச்சலும் இல்லை. செய்கிற கார் அத்தனையையும் நானே விற்கிறேன் என்று பேசி முடித்தார். டிசம்பர் 23இல் ஒப்பந்தம். காருக்கு ‘ரோல்ஸ்-ராய்ஸ்’ என்று பெயர்: செய்தவர் பெயர் பின்னால், விற்றவர் பெயர் முன்னால்!

விளம்பரத்துக்கு ரோல்ஸ் பிடித்த வழி பந்தயம். 1906இல் மான் தீவின் டூரிஸ்ட் டிராபியைத் தானே ஓட்டி வென்றார். இத்தனைக்கும் கை கெட்டி. ஹோட்டலுக்குப் போனாலும் சாண்ட்விச்சை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவாராம்.

வியாபாரம் சூடுபிடித்ததும் அவருக்குக் கார் சலித்துவிட்டது. விமான இன்ஜின் செய்யச் சொல்லி ராய்ஸை நச்சரித்தார், அவர் மசியவில்லை. ரோல்ஸ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 1910 ஜூன் 2 அன்று டோவரில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரெஞ்சுக் கரையைத் தொட்டு, இறங்காமலே திரும்பினார்: 95 நிமிடம். ஜூலை 12, போர்ன்மவுத் விமானக் காட்சியில் அவரது ரைட் விமானத்தின் வால்பகுதி முறிந்தது. விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர். வயது 32.

முதல் உலகப் போர் வந்தபோது ராய்ஸ் விமான இன்ஜினில் கைவைக்க வேண்டியதாயிற்று. அப்படி உருவான ‘ஈகிள்’ இரண்டைப் பூட்டிய விமானத்தில்தான் 1919இல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் கடந்தார்கள்.