டென்னிஸ் முழங்கை: பட்டியும் பயிற்சியும்



டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாத ஒருவருக்கு ‘டென்னிஸ் முழங்கை’ வருமா? வரும். எங்கள் அனலைதீவிலே புகையிலைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும், கடலில் வலை இழுப்பவருக்கும், தேங்காய் துருவும் தாய்மாருக்கும் வரும். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய எனக்கும் வந்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் கை மறுத்தது.

இந்நோயை 1873 ஆம் ஆண்டில் விவரித்த செருமானிய வைத்தியர் றுங்கே, எழுதுவதால் கை நொந்தோரைப் பற்றியே கூறினார். 1880களில் இங்கிலாந்தில் டென்னிஸ் பரவிய பின்னரே விளையாட்டின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது.

மணிக்கட்டை மேலே நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலே தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளை இறுகப் பிடிக்குந்தோறும் அத்தசைநாண் இழுபடுகின்றது. ஓய்வின்றி இழுபட்டால், கிணற்றுக் கயிறு போல் அதன் நார்கள் நைந்துவிடும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நைந்த கயிறு தானாகத் திருந்தாது. தசைநாணோ அளவான வேலை கொடுத்தால் மீண்டும் உரம் பெறும். சிகிச்சையின் அடிப்படை இதுவே.

முழங்கைப் பட்டியை நோகும் எலும்பின் மீதே கட்டுதல் பலர் செய்யும் தவறு. அதற்கு இரண்டு விரலளவு கீழே, முன்கையின் பருத்த தசைமீது கட்டுதல் வேண்டும். வேலையின்போது அணிந்து, உறங்கும்போது கழற்றிவிடுக. விரல்கள் விறைத்தால் பட்டியை இளக்குக.

பட்டி கட்டியதும் என் வலி தணிந்தது. குணமாயிற்று என்றெண்ணிப் பயிற்சியைக் கைவிட்டேன். சில வாரங்களில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. பட்டி இழுவையைக் குறைக்குமேயன்றி, நைந்ததைச் சீராக்காது என்பதை அன்றுணர்ந்தேன்.

பயிற்சி எளியது. கையை முன்னே நேராக நீட்டி, உள்ளங்கை நிலம் நோக்க, மற்றக் கையால் மணிக்கட்டை மெல்லக் கீழே மடித்து, முப்பது விநாடி வைத்திருக்க வேண்டும். இதனை மும்முறை செய்க. கடும்வலி தணிந்தபின், முன்கையை மேசைமீது வைத்து, அரை லீற்றர் நீர்ப்போத்தலைப் பிடித்த கையை மற்றக் கையால் உயர்த்தி, மிக மெதுவாகத் தாழ்த்துக. பத்துப் பத்தாக மூன்று தடவை. சிறுநோவு இருக்கலாம், மறுநாளும் வலி கூடியிருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். சுமையை உள்ளங்கை மேல்நோக்கத் தூக்கினால் தசைநாணுக்கு ஆறுதல் கிடைக்கும்.

ஊசிமருந்து சில வாரங்கள் சுகந்தரும். பின்னர் நோய் மீள்வது அதிகம். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் 2005 இல் இதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். எனினும் பெரும்பாலோர் அதுவின்றியே ஓராண்டினுள் குணமடைவர். கை மரத்துப்போதல், அடிபடுதல், காய்ச்சலோடு வீக்கம் ஆகியன காணின், ஊர்காவற்றுறைக்கு வள்ளமேறி வைத்தியரை நாடத் தயங்கலாகாது.

புகையிலைக் கன்று நமக்காகக் காத்திராது; உண்மையே. ஆனால் நாள்தோறும் பத்து நிமிடம் கைக்குக் கொடுத்தால், அக்கை பல போகங்கள் நமக்கு உழைக்கும்.